பார் மேடம் பாரை மூடிய கதை

தினமும் விடிந்ததும் பாருக்குப் போய், பொழுது சாயும்வரை தண்ணியிலேயே கிடந்து, கண் சிவக்கக் கால் தள்ளாட வீடு திரும்பி, அதற்காக மாதாமாதம் சம்பளமும் வாங்கிய பெண்மணி தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான். அவரிடம் நான் ஐந்து வருடம் வேலை பார்த்தேன்.

யாரும் பதற வேண்டாம். இராமநாதபுரம் கடற்கரையில் பார் என்பது வேறு. கடலுக்கடியில் பவளப்பாறை வளர்ந்து மேடு தட்டிக் கிடக்கிற இடத்தை மீனவர்கள் பார் என்பார்கள். எங்கள் மேடம் அந்தப் பவளப்பாறைகளையும், அவற்றைச் சுற்றி மேய வருகிற கடலாமைகளையும் காப்பாற்றுவதற்கென்றே படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வேறெங்கும் அதை யாரும் புழங்கி நான் கேட்டதில்லை. பஸ் கண்டக்டர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் பார் மேடம்தான்.

நான் கமுதிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். மிளகாயும் பருத்தியும்தான் எங்கள் வெள்ளாமை. கடல் என்பது எங்களுக்குக் கருவாடு வருகிற திசை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவனுக்குக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகிற வழியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மூன்று அறை கொண்ட வாடகைக் கட்டடம். நியமன ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு டீக்கடையில் வழி கேட்டேன்.

"பார் மேடம் ஆபீஸா? நேரா போங்க. ஆனா இப்ப இருக்க மாட்டாக. விடியக்காலமே பாருக்குப் போயிட்டாக" என்றார் டீ மாஸ்டர்.

"எப்ப வருவாங்க?"

"அது தண்ணியப் பொறுத்தது."

அப்படியே திரும்பி ஊருக்குப் போயிருப்பேன். அய்யா கட்டையை எடுத்துக்கொண்டு வருவார் என்ற பயத்தில்தான் ஆபீசுக்குப் போனேன்.

மதியத்துக்கு மேல் மேடம் வந்தார். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் ஆணையை ஈரக் கையால் வாங்கிப் படித்தார். அந்தக் காகிதத்தில் என் பெயர் இன்றுவரை கலங்கலாகத்தான் இருக்கிறது.

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"டைப் அடிக்க?"

"தெரியும் மேடம்."

"சரி, அதுவும் ஒரு வேலைதான்" என்று எழுந்து போனார்.

கடிகாரத்தை அவர் மதித்து நான் கண்டதில்லை. கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம், இந்த இரண்டுதான் அவருக்கு நேரம். தலைமை அலுவலகத்திலிருந்து பதினோரு மணிக்கு வீடியோ கூட்டம் என்று தகவல் வந்தால், "பதினொண்ணுக்குக் கடல் வத்துது. மூணு மணிக்கு வச்சுக்கிறச் சொல்லுங்க" என்பார். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக்கொள்வார்கள். எங்கள் கோப்புகளை எடுத்து உதறினால் உப்பு கொட்டும்.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. கடிதங்களில் நான் அழகாக 'பவளப்பாறைத் திட்டு' என்று எழுதினால், சிவப்பு மையால் அடித்துவிட்டு 'பார்' என்று எழுதுவார். 'பேராமை' என்ற கடலாமைப் பெயருக்குப் பக்கத்தில் நான் ஆங்கிலப் பெயரைப் போட்டால் அதற்கும் ஒரு கோடு விழும்.

"கடலு அவுகளோடது. அவுக வச்ச பேரு இருக்கறப்ப புதுப் பேரு வைக்க நீங்களும் நானும் யாரு? மீன்பிடிக்கப் போறவருக்குப் புரியாத வார்த்தை இந்த ஆபீஸ விட்டு வெளிய போகக் கூடாது" என்பார். இந்தப் பிடிவாதம் என்னை என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்தக் கதையே.

சேர்ந்த இரண்டாம் மாதத்திலேயே அது ஆரம்பித்தது. பாரில் இடறி மேடத்துக்கு முழங்காலில் நாலு தையல். விடுப்புக் கடிதம் எழுதியது நான். 'பணி நேரத்தில் பாரில் தவறி விழுந்து காயம் ஏற்பட்டதால்' என்று மேடத்தின் கொள்கைப்படியே சுத்தமாக எழுதி அனுப்பினேன். பத்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. 'பணி நேரத்தில் பாரில் தங்களுக்கு என்ன வேலை என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும்.'

மேடம் பேனாவை வாங்கி ஒரே வரியில் பதில் எழுதினார். 'எனக்குப் பணியே பாரில்தான்.'

விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மேடம் அவர்களிடம் ஒன்றும் விளக்கவில்லை. வள்ளத்தில் ஏற்றி நேரே பாருக்கே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கென்று காற்று கொஞ்சம் கூடுதல். போகும்போது ஒருவரும் வரும்போது இன்னொருவரும் காலையில் தின்ற பொங்கலைக் கடலுக்குக் கொடுத்தார்கள். கரையேறி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்தவர்களைப் பார்த்து டீ மாஸ்டர், "இவுகளும் பாருக்குப் போயிட்டு வாராக போல" என்றாராம். கோப்பு அன்றோடு மூடப்பட்டது.

அவருக்கு வாடகை வீடு கிடைத்தது தனிக் கதை. என்ன வேலை என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஆமை ஆராய்ச்சி என்று சொன்னால் கதவு மெதுவாகச் சாத்தப்படும். பார் ஆராய்ச்சி என்று சொன்னால் படாரென்று சாத்தப்படும். கடைசியில் காது கேளாத ஒரு பெரியவர்தான் வீடு கொடுத்தார்.

கல்யாணப் பேச்சு ஒன்றும் வந்தது. மேடத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. சிவகங்கைப் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரி வீட்டுப் பெண். அவர் வீட்டில் இன்னும் நம்பிக்கையை விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தவர்கள், நம் வழக்கப்படி டீக்கடையில் விசாரித்தார்கள்.

"பொண்ணு எப்படி?"

"தங்கமான பிள்ளை. ஒரு நாள் தப்பாம பாருக்குப் போயிரும்" என்றார் டீ மாஸ்டர்.

"எங்க?"

"பாருக்கு. விடியக்காலமே போயிரும். முங்குச்சுன்னா லேசுல எந்திரிக்காது. ஆம்பளையாளுக ஈடு குடுக்க முடியாது."

"தனியாவா போகும்?"

"சேச்சே! செய்யது காக்கா கூட்டிட்டுப் போவாக."

வந்தவர்கள் பாதி டீயை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். விஷயம் தெரிந்து நான் டீ மாஸ்டரைச் சண்டைக்கு இழுக்கப் போனபோது மேடம்தான் தடுத்தார். "விடுங்க. அவரு ஒரு வார்த்தை பொய் சொல்லலையே" என்று சிரித்தார். வருத்தமிருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் விடிவதற்குள் பாருக்குப் போய்விட்டார்.

இந்தச் செய்யது காக்காவைச் சொல்ல வேண்டும். காக்கா என்றால் அங்கே அண்ணன் என்று அர்த்தம். மேடம் போய்வருகிற வள்ளம் அவருடையது. மீனவர் சங்கத் தலைவரும் அவர்தான். ஒரு நாள் காலையில் முன்துடுப்பு கிழிந்த ஒரு பேராமையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார்.

"இந்தாங்க மேடம், ஒங்க சொந்தக்காரவுக. வலையில மாட்டிக்கிட்டாக. இவுகளுக்காகப் புது வலையை அறுத்திருக்கேன்" என்றார்.

வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். கால்நடை மருத்துவர் வந்து மருந்து போட்டு, காயம் ஆறும்வரை கடல் தண்ணீரில் வைத்திருக்கச் சொன்னார். எங்கள் ஆபீசில் தண்ணீர் நிற்கிற தொட்டி ஒன்றே ஒன்றுதான். அது குளியலறையில் இருந்தது. ஆமை அங்கே குடியேறியது. நாங்கள் அவசரத்துக்கு அடுத்த தெரு வரை நடந்தோம். தினமும் காலையில் குடத்தோடு போய்க் கடல் தண்ணீர் எடுத்து வருவது என் வேலை. கரிசல்காட்டில் குடிக்கவே தண்ணீர் சுமந்தவன் நான். ஆமைக்கும் சுமப்பேன் என்று நினைக்கவில்லை.

எங்கள் கண்காணிப்பாளர்தான் நிலைகுலைந்து போனார். ஆமை ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தப் பயம். மேசையைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் அவருக்கு வெகுகாலமாக நின்றுகிடந்த பதவி உயர்வு வந்தது. மேசை உள்ளே வந்துவிட்டது. ஆமையைக் கடலில் விடப்போன அன்று, "அடுத்தது எப்ப மேடம் வரும்?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆமையை விட்ட இடம் சின்னப் பார். மேடத்தின் உயிரே அங்கேதான் கிடந்தது. கடல் சூடேறிய ஒரு கோடையில் அந்தப் பார் வெளுத்துச் செத்துப் போனதாம். பிழைத்துக் கிடந்த கிளைகளைப் பொறுக்கி, சிமென்ட் பலகைகளில் வரிசை வரிசையாகக் கட்டி, கடலடியில் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார். நாலு வருட வேலை அது. வருடத்துக்கு ஒரு விரலளவு வளர்ந்தால் அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் வடை. ஆனால் மீன்பிடிக்கப் போகிற வள்ளங்களும் அங்கேதான் நங்கூரம் போடும். ஒரு நங்கூரம் சரியாக விழுந்தால் ஒரு பலகை காலி. அப்படிப்பட்ட நாட்களில் மேடம் உடைந்த துண்டுகளை ஒரு வாளியில் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விடுவார். பவளத்துக்கும் செங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாத எனக்கே அந்த வாளியைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது.

தலைமை அலுவலகம் கடைசியாக ஒரு கெடு வைத்தது. அந்த மாத முடிவுக்குள், சின்னப் பாரில் நங்கூரம் போட மாட்டோம் என்று ஊர் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வேலையைக் கைவிட்டுவிட வேண்டும். மேடம் ஆறு மாதம் போதும் என்றார். அதற்குள் கிளைகள் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம். செய்யது காக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"மேடம், ஒங்களுக்காக வலையைக் கூட அறுப்பேன். பாரை மூடுன்னா ஊரு கேக்காது. எங்க வாப்பா காலத்துலேருந்து நங்கூரம் போட்ட எடம். காத்து மாறுனா ஒதுங்குறதும் அங்கனதான்."

"பாரை ஒரேயடியா மூடச் சொல்லல காக்கா. ஆறு மாசம் மூடுங்கன்னுதான் கேக்குறேன்."

பேசிப் பேசி, கெடு முடிய நாலு நாள் இருக்கிற ஒரு வெள்ளிக்கிழமையில் சங்கத்தைக் கூட்டக் காக்கா சம்மதித்தார். வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். ஜும்மா தொழுகை முடிந்து மூன்று மணிக்குப் புயல் காப்பகத்தில் கூட்டம் என்று முடிவாயிற்று.

அறிவிப்பு எழுதியது நான். 'பாரை மூடுவது குறித்துப் பேசக் கூட்டம். அனைவரும் வருக.' மேடம் படித்துவிட்டு முதல்முறையாகச் சிவப்பு மை வைக்காமல் கொடுத்தார். அந்தப் பெருமையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, எந்தெந்த ஊருக்குப் போக வேண்டும் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஊர்களைத்தானே எழுதுவேன்? அத்தனையும் இராமநாதபுரத்துக்கு மேற்கே இருக்கிற வெள்ளாமைக் கிராமங்கள். அவற்றில் ஒன்றில்கூடக் கடல் கிடையாது. சிலவற்றில் கண்மாயிலேயே தண்ணீர் கிடையாது.

ஆட்டோக்காரருக்கு என் அறிவிப்பு சப்பென்று இருந்திருக்கிறது. "பாரை மூட வாரீர்! குடும்பங்களைக் காக்க வாரீர்! தாய்மார்களே, திரண்டு வாரீர்!" என்று கொஞ்சம் மசாலா சேர்த்துவிட்டார். அந்தக் கிராமங்களுக்குப் போகிற சாலையில் ஒரு மதுக்கடையும் அதை ஒட்டி ஒரு பாரும் இருந்தன. அதை மூடச் சொல்லி அந்த ஊர்ப் பெண்கள் கொடுக்காத மனு இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புயல் காப்பகத்தில் செய்யது காக்காவோடு சேர்த்துப் பன்னிரண்டு மீனவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றேகாலுக்கு முதல் குட்டியானை லாரி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று. அதற்கும் பின்னால் இரண்டு டிராக்டர். இறங்கியதெல்லாம் பெண்கள். பாதிப் பேர் கையில் விளக்குமாறு இருந்தது.

"யாரு தாயி இங்கன மேடம்?" என்று கேட்டபடி முன்னால் வந்தவர் பெயர் முத்திருளாயி. ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் செருகிய சேலை, கையில் புது விளக்குமாறு.

"நான்தான். வாங்க, வாங்க, உக்காருங்க. இத்தன பேரு வருவீகன்னு நான் நெனைக்கவே இல்ல" என்று மேடம் ஓடி ஓடி இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நாலு வருடமாக நாலு பேரைச் சேர்த்து உட்கார வைக்க முடியாமல் தவித்தவர் அவர். என் அறிவிப்புக்கு இவ்வளவு சக்தியா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மேடம் மைக்கைப் பிடித்தார். "நம்ம பார் செத்துக்கிட்டிருக்கு."

"சாகட்டும்!" என்றது கூட்டம்.

மேடம் மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார். "இல்ல, அதைக் காப்பாத்தத்தான் கொஞ்ச நாளைக்கு மூடணும்னு சொல்றேன்."

'மூடணும்' மட்டும் போய்ச் சேர்ந்தது. கைதட்டலில் தகரக் கதவு அதிர்ந்தது.

"ஆறு மாசத்துக்கு."

"எதுக்கு ஆறு மாசம்? ஒரேயடியா மூடு!"

செய்யது காக்கா எழுந்துவிட்டார். "மேடம், ஆறு மாசம்னுதான பேச்சு?"

"ஆறு மாசம்தான் காக்கா, உக்காருங்க" என்று அவரை அமர்த்திவிட்டு மேடம் தொடர்ந்தார். "இப்ப மூடுனாத்தான் நாளைக்கு நம்ம பிள்ளைக பாருக்குப் போறப்ப அங்க ஏதாச்சும் மிச்சமிருக்கும்."

முத்திருளாயி எழுந்தார். "எங்க பிள்ளைக எதுக்குத்தா பாருக்குப் போகணும்? இதுவரைக்கும் போனது காணாதா?"

"போகாம எப்படி? குஞ்செல்லாம் பாருலதான இருக்கு."

"அடப் பாவிகளா!" என்று ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டார். "குஞ்சு குளுவானெல்லாமா பாருல கெடக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த முகங்களை, அந்த விளக்குமாறுகளை, குட்டியானையில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்தில் நான் எழுதிக் கொடுத்த ஊர்கள். மேடைக்கு ஓடிப்போய் மேடத்தின் காதில் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு என் வேலை போயிற்று என்றே முடிவு செய்தேன்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார் மைக்கில். "நான் சொன்னது சாராயக் கடைப் பாரு இல்ல. கடலுக்குள்ள இருக்கிற பாரு. இது எங்க ஆபீஸ் தப்பு இல்ல, ஒங்க தப்பு இல்ல. என் தப்பு. அந்த வார்த்தையை நான்தான் எழுதச் சொன்னேன். மன்னிச்சிருங்க."

என் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

கூட்டத்தில் யாரும் நகரவில்லை. முத்திருளாயி மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விளக்குமாற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மிளகாப் பறிப்பப் போட்டுட்டு, இந்த வெயில்ல வண்டி புடிச்சு வந்திருக்கோம். எதையாச்சும் மூடாம நாங்க போறதா இல்ல. எந்தப் பாரா இருந்தா என்ன? யாரு மூட மாட்டேங்கிறது? இவுகளா?"

நூறு பேர் மீனவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். செய்யது காக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், அந்தப் பேப்பரக் கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுர்றோம்."

நான் பேனா மூடியைத் திறந்துகொண்டே ஓடினேன். மேடம் குறுக்கே வந்து காகிதத்தை வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பயந்து போடுற கையெழுத்து எனக்கு வேண்டாம் காக்கா. இவுக வண்டி ஏறுன மறுநாளே நீங்க நங்கூரத்தப் போடுவீக. நானும் ஒண்ணும் கேக்க முடியாது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கெடு முடிய இன்னும் நாலு நாள். கைக்கு வந்ததை மடித்துப் பையில் வைக்கிற மனுஷியை என்ன செய்வது?

மேடம் ஆபீஸ் ஜீப்பிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிவந்து நடுவில் போட்டார். போன வாரம் நங்கூரம் விழுந்து உடைந்தது அது. வரிசையாகக் கட்டிய கிளைகளில் பாதி ஒடிந்து வெறும் முண்டுகளாக நின்றன. அதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் மேடம் நின்றதை அன்றுதான் பார்த்தேன். முத்திருளாயி கிட்டே வந்து, குனிந்து, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏன்த்தா, மிளகா நாத்துக் கணக்கா வரிசை போட்டு வச்சிருக்க?"

"நாத்துதாம்மா. இது வளந்தாத்தான் மீன் வந்து தங்கும், குஞ்சு பிழைக்கும். ஆமை வரும்."

"நீயா நட்ட?"

"நானேதான். நாலு வருசம்."

முத்திருளாயி நிமிர்ந்து செய்யது காக்காவைப் பார்த்தார். குரலில் கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "ஏன்யா, நாத்தங்கால்ல எவனாச்சும் மாட்ட அவுத்து விடுவானா?"

காக்கா பலகையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாத்தங்கால்னு மேடம் ஒரு நாளும் சொல்லலியேம்மா" என்றார். "போன கூட்டத்துல பல்லுயிர்ப் பெருக்கம்னுல்ல சொன்னாக. பெருக்கம்னதும் கடல் ஏறப் போகுதுன்னு நெனச்சு வள்ளத்தையெல்லாம் மேல இழுத்து வச்சேன்."

மீனவருக்குப் புரியாத வார்த்தை வெளியே போகக் கூடாது என்று என்னை வறுத்தெடுத்தவர் எங்கள் மேடம். முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரிக்கவில்லை. மிகுந்த சிரமப்பட்டுத்தான் சிரிக்காமல் இருந்தேன்.

அதன் பிறகு அரைமணி நேரம் மீனவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். காற்று மாறினால் எங்கே ஒதுங்குவது என்று வாதம் நடந்தது. தெற்கே மணலடியில் நங்கூரம் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு பேரும், யாருடைய விளக்குமாற்றையும் பார்க்காமல், வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். பெண்கள் வண்டி ஏறும்போது மேடம் முத்திருளாயியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என் பாருக்கு வந்தீக. நான் ஒங்க பாருக்கு வாரேன்."

சும்மா ஒப்புக்குச் சொன்னார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில், அந்தப் பெண்களோடு வெயிலில் மேடமும் மனுவோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஒரு பத்திரிகையில் படம் வந்தது. 'பாரை மூடக் கோரி பார் மேடம் மனு.' தலைமை அலுவலகத்திலிருந்து மெமோவும் வந்தது. அந்தப் பார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கொஞ்ச நாள் கழித்துச் சாலையோரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளிப் போனது. மூடவில்லை. முத்திருளாயி இன்னும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கடலுக்குள் இருக்கிற பாரை மூடுவது எவ்வளவோ சுலபம்.

சின்னப் பாரில் கிளைகள் பிடித்துக்கொண்டன. மேடம் தினமும் தண்ணீருக்குள்ளிருந்து படம் எடுத்து வந்து காட்டுவார். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். "ஆமா மேடம், நல்லா வந்திருக்கு" என்பேன். ஆறு மாதம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது அவருக்கு மாறுதல் ஆணை வந்தது. எங்கோ கப்பலில் போக வேண்டிய தீவு. யார் யாரையோ கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. பெட்டி ஒன்றும் வாளி ஒன்றுமாக ரயில் ஏறினார். என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். 'ஆறு மாதம் முடிகிற அன்று கூட்டம் போட்டு, மேலும் ஆறு மாதம் நீட்டிக்கக் கேட்கவும். ஒலிபெருக்கி வேண்டாம்.'

ஒலிபெருக்கி வைக்கவில்லை. வீடு வீடாக நானே நடந்து சொன்னேன். கடற்கரை ஊர்களுக்கு மட்டும்தான் போனேன். அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புயல் காப்பகத்தில் நாற்காலிகளைப் போட்டு, காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. ஒரு ஆடு மட்டும் உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. மேடம் போய்விட்டார், இனி அவர் பேச்சை யார் மதிப்பார்கள் என்று தோன்றியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் காகிதத்தைக் கசக்கிவிட்டேன். பிறகு அதை நீவி எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தேன்.

செய்யது காக்காவும் மற்றவர்களும் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன காக்கா, யாருமே கூட்டத்துக்கு வரல?"

"எதுக்குத் தம்பி கூட்டம்?"

"இன்னையோட ஆறு மாசம் முடியுதுல்ல. பாரைத் தொறக்குறதா, மூடுறதான்னு..."

"மேடம் வரட்டும். அவுக வந்து தொறங்கன்னு சொன்னாத் தொறப்போம்."

"மேடம் வர மாட்டாங்க காக்கா. மாறிப் போயிட்டாங்க. இனிமே இங்க வரவே மாட்டாங்க."

காக்கா வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அப்ப மூடியே கெடக்கட்டும்" என்றார்.

ஆபீசுக்கு வந்ததும் தீவுக்குப் போன் போட்டு, காக்கா சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஆறு மாதக் கோப்பில் இதை எழுதி வைக்கச் சொன்னார். எப்படி எழுதுவது என்று கேட்டதற்கு, "அவரு சொன்னத அப்படியே எழுதுங்க. ஒரு எழுத்துக் கூட மாத்தாதீங்க" என்று அதட்டினார்.

எழுதி வைத்தேன். அவருக்குப் பிறகு வந்த அதிகாரிகள் எல்லோரும் மிக நல்லவர்கள். சரியாகப் பத்து மணிக்கு வருகிறார்கள், உலர்ந்த கையோடு கையெழுத்துப் போடுகிறார்கள், யாரும் என்னைத் திட்டுவதில்லை. அப்படி ஒரு தொல்லை பிடித்த மனுஷி இனி எனக்கு வாய்க்கப் போவதில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.